புரட்டாசியில் ஃபெஸ்: பெயரில் தொடங்கி வாசலில் முடியும் வேலைகள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் என் முதல் ஒரு மணி நேரம், சக்கரம் கழன்ற பெட்டி ஒன்றை இருட்டுச் சந்துகளில் இழுப்பதில் போனது. பின்னால் முழங்கால் வலியோடு அம்மா. முன்னால் வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பையன். விடுதிக் கதவருகே வந்ததும் இருநூறு மொராக்கோ திர்ஹம் கேட்டான். தவறு அவனுடையதல்ல. சென்னையில் உட்கார்ந்து நான் செய்ய மறந்த வேலைகளுக்கான தண்டம் அது. நீங்கள் அதைக் கட்ட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, முதல்முறையாகப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?

விசாவுக்கும் முந்தைய வேலை இது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே வரியில் இருக்கும், அல்லது வெறும் முதலெழுத்து மட்டும் இருக்கும். உள்ளூரில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. இணையப் படிவங்களோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மறுக்கும்.

எங்கள் டிக்கெட்டைப் போட்டுக்கொடுத்த முகவர், அம்மாவின் முதலெழுத்தைத் தாத்தாவின் பெயராக விரித்துப் போட்டிருந்தார். விசாவில் நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டேன். இரண்டும் பொருந்தவில்லை என்று விமான நிலையக் கவுன்டரில் நாற்பது நிமிடம் நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அம்மா சொல்லாத சுலோகம் இல்லை.

கையில் சில மாதங்கள் இருந்தால், பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துப் பெயரை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நேரம் இல்லையென்றால், டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து, குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பெயரை எழுத்தெழுத்தாக நீங்கள் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கும் ஆசை இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு அமீரகம் 2022 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முத்திரை குத்த வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும்.

2. விசா

மொராக்கோ 2022 ஜூலையில் மின்விசாவைத் தொடங்கியது. இந்தியர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ‘அக்ஸே மரோக்’ (Acces Maroc) என்பதுதான் அரசுத் தளத்தின் பெயர். தேடுபொறியில் தேடினால் அதற்கு மேலே நாலைந்து தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே வேடம் கட்டிக்கொண்டு நிற்கும். அவை உங்கள் விவரங்களை வாங்கி, அதே அரசுத் தளத்தில் போட்டு, மேலே தங்கள் கூலியையும் சேர்த்து வாங்கும். தளத்தின் முகவரி மொராக்கோவின் நாட்டுக் குறியீடான .ma என்பதில் முடிகிறதா என்று பாருங்கள்.

கட்டணம் இரண்டு வகை. சாதாரணம் 770 திர்ஹம், மூன்று வேலைநாளில் கிடைக்கும். அவசரம் 1,100 திர்ஹம், ஒரு வேலைநாள். ஒரு திர்ஹம் என்பது ஏறத்தாழ ஒன்பது, பத்து ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேலைநாள் என்ற சொல்லைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை விண்ணப்பித்தால் திங்கள்கிழமைதான் கணக்கு தொடங்கும். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. கட்டணத்தையும் தகுதியையும் விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே இன்னொருமுறை பார்த்துவிடுங்கள், மாறக்கூடியவை.

இந்த விசாவில் ஒருமுறைதான் நுழையலாம். வழங்கிய நாளிலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும். 30 நாள் வரை தங்கலாம். ஆகவே ஒரு மாதம் முன்னதாகவே எடுத்துவிடுவதில் நட்டம் எதுவும் இல்லை. ‘மூன்று நாள்தானே’ என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டது என் முட்டாள்தனம். வங்கி அட்டை இரண்டு முறை மறுக்கப்பட்டு, மூன்றாவது முறை தம்பியின் அட்டையில் கட்டினேன். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு உட்காருங்கள்.

பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தை வருடியில் (ஸ்கேனரில்) எடுங்கள். போனில் எடுத்த படத்தில் விளக்கொளி பட்டு ஓர் எழுத்து மறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். விசா வந்ததும் இரண்டு பிரதி அச்செடுங்கள். தங்குமிடப் பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கவுன்டரில் மூன்றையும் கேட்டார்கள்.

3. எந்த வாரம், எந்த விமானம்

ஃபெஸ் கடற்கரை நகரம் அல்ல. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நாற்பதைத் தொடும். செப்டம்பர் கடைசியில் பகல் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும்; அக்டோபர் நடுவில் இருபத்தைந்து. சென்னைக்காரர்களுக்கு இது வெயிலே அல்ல, ஈரப்பதமும் கிடையாது. இரவில் பதினைந்துக்கு இறங்கும். பழைய வீடுகளின் ஓடு பதித்த தரை அதைவிடக் குளிரும். ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் போதும். அக்டோபரில் முதல் மழை வரலாம். நனைந்த கல்சந்து எண்ணெய் கொட்டிய தரை போல வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், செருப்பு உதவாது.

கடிகாரத்தையும் பாருங்கள். மொராக்கோ நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் காலை ஏழுக்குத்தான் விடிகிறது, மாலை ஏழேகாலுக்குச் சூரியன் மறைகிறது.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாகக் காசாபிளாங்கா போவதுதான் நமக்கு எளிது. ஐரோப்பா வழியாக ஃபெஸ்ஸிலேயே இறங்கும் மலிவு விமானங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கன் விசாவைக் கேட்பார்கள்.

மதியத்துக்குள் காசாபிளாங்காவில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். குடிநுழைவு வரிசையில் ஒரு மணி நேரம் போகும். அதன்பின் ரயிலில் ஐந்து மணி நேரப் பயணம் இருக்கிறது. மாலையில் இறங்குவதானால் அன்றிரவு காசாபிளாங்காவிலேயே, ‘காசா வோயாஜர்’ ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கிவிட்டுக் காலை ரயிலைப் பிடியுங்கள். இருட்டிய பிறகு ஃபெஸ்ஸின் பழைய நகரத்துக்குள் முதல்முறையாக நுழையாதீர்கள். பயம் காரணமல்ல, வழி தெரியாது, கேட்டால் காசு.

பெட்டியில் போடக் கூடாதவை இரண்டு. ஒன்று டிரோன். மொராக்கோவுக்குள் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். இன்னொன்று கசகசா. வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டுவிடுங்கள்.

4. பணம்

மொராக்கோ திர்ஹத்தை இங்கே வாங்கிக்கொண்டு போக முடியாது. நாட்டுக்குள்ளும் வெளியேயும் 2,000 திர்ஹத்துக்கு மேல் எடுத்துச் செல்ல அனுமதியும் இல்லை. (அமீரகத் திர்ஹம் வேறு. அதை வாங்கிக்கொண்டு வந்து நின்றவரை நான் வரிசையில் பார்த்தேன்.) ரூபாயை அங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள். யூரோவாகக் கொண்டுபோங்கள், டாலரும் சரி. விமான நிலையத்தில் ரயிலுக்கும் முதல் இரவுக்கும் தேவையான அளவு மட்டும் மாற்றிவிட்டு, மீதியை ஃபெஸ் புதுநகரத்தில் மாற்றுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்; திரும்பும்போது மிச்சப் பணத்தை மாற்ற அதைக் கேட்பார்கள்.

ஏடிஎம் ஒவ்வொரு முறையும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும், நம் வங்கியும் பிடிக்கும். சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரே முறையாக எடுங்கள். திரை உங்களிடம் ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்; அந்த மாற்று விகிதம் கொள்ளை.

பழைய நகரத்தில் அட்டையை நம்ப முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் சில்லறை. இருநூறு திர்ஹம் தாளை நீட்டினால் டாக்சிக்காரர் கையை விரிப்பார், நீங்களும் மீதியை விட்டுவிட்டு இறங்குவீர்கள். பெரிய தாள்களை ரயில் நிலையக் கவுன்டரிலும் புதுநகரத்துப் பல்பொருள் அங்காடியிலும் உடைத்துக்கொண்டு, ஐந்து, பத்து திர்ஹம் நாணயங்களைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. அறை பதிவதற்கு முன் வாசலைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஃபெஸ் எல் பாலி என்னும் பழைய நகரத்துக்குள் கார் போகாது. ஆயிரக்கணக்கான சந்துகள், பலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சரக்கெல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் போகிறது. டாக்சி உங்களை மதிலின் ஏதோ ஒரு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே தெருப் பெயரையும் கதவு எண்ணையும் வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை. எந்த வாசலிலிருந்து எத்தனை நிமிட நடை என்பதுதான் முகவரி.

பழைய வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள விடுதியை ‘ரியாத்’ என்பார்கள். சவூதித் தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ரியாத் ர்சீஃப் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் டாக்சிக்காரரிடம் சொன்னதோ, எல்லோரும் படம் போடும் அந்த நீல வாசலின் பெயரை, பூ ஜலூத் என்று. நகரத்தின் மேல்முனை அது. ர்சீஃப் பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் படியும் சரிவும். பெட்டிச் சக்கரம் அங்கேதான் கழன்றது.

பதிவு செய்யும் முன் விடுதிக்கு இந்த நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். பதில் வராத விடுதியை விட்டுவிடுங்கள்.

டாக்சி வந்து நிற்கக்கூடிய மிக அருகிலான இடம் எது? பூ ஜலூத், பத்தா, ஐன் அஸ்லித்தன், ர்சீஃப், பாப் கிஸ்ஸா என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அங்கிருந்து எத்தனை நிமிடம், ஏற்றமா இறக்கமா? அங்கே ஆள் வந்து அழைத்துப்போவாரா, அதற்குக் கட்டணம் உண்டா? அறை எத்தனையாவது மாடி? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரியவர்களோடு போகிறவர்கள் மறக்க வேண்டாம். பழைய வீடுகளில் மின்தூக்கி இருக்காது, படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

தள்ளுவண்டியில் பெட்டி கொண்டுவருபவருக்கு இருபது, முப்பது திர்ஹம் கொடுப்பது நியாயம். காலைச் சிற்றுண்டியோடு இருவருக்கான சுமாரான அறை 400 முதல் 900 திர்ஹம் வரை கிடைக்கும். அக்டோபர் அங்கே நெரிசலான பருவம். இரண்டு மாதம் முன்னதாகப் பதியுங்கள். தலைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று நகர வரியும் தனியாக உண்டு. பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேராது, கடைசி நாளில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

விடுதியில் ஒரு காவல்துறைப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரையோடு சேர்ந்த ஓர் எண்ணை அதில் எழுத வேண்டும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் விமான நிலையத்திலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

6. இறங்கிய நாள்

ரயில் நிலையம் காசாபிளாங்கா விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. காசா வோயாஜர் வரை போய், அங்கே ஃபெஸ் ரயிலுக்கு மாறுங்கள். ‘காசா போர்ட்’ என்பது வேறு நிலையம், பெயரில் ஏமாறாதீர்கள். அங்கிருந்து ரபாத், கெனித்ரா, மெக்னெஸ் வழியாக ஃபெஸ்ஸுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். இரண்டாம் வகுப்புக்கு நூற்றைம்பது திர்ஹம் போல ஆகும். பெரியவர்கள் கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து முதல் வகுப்பில் ஏறுங்கள். இருக்கை எண்ணோடு கிடைக்கும். வெள்ளி மாலையும் ஞாயிறும் கூட்டம் நெரியும்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிக்கொள்ளுங்கள். மரோக் டெலிகாம், ஆரஞ்ச், இன்வி என்று மூன்று நிறுவனங்கள். சுற்றுலாத் தொகுப்பு என்று நீட்டுவதை வாங்காமல், வெறும் சிம்மும் சில ஜிபி டேட்டாவும் கேளுங்கள். ஒரு ஜிபி பத்து திர்ஹம் என்பதுதான் ஊர் விலை.

ஃபெஸ் நிலையத்துக்கு வெளியே சிவப்பு நிறச் சின்ன டாக்சிகள் நிற்கும். மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள். பகலில் பழைய நகர வாசலுக்கு இருபது திர்ஹத்துக்குள் முடியும். இரவு எட்டுக்கு மேல் ஒன்றரை மடங்கு, அது சட்டப்படியானதுதான். நிலைய வாசலுக்குள்ளேயே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று பெட்டியைப் பிடிப்பவரிடம் பேசாமல் சாலைக்கு வாருங்கள்.

7. சந்துகளுக்குள்

முதல் நாள் அரைநாளுக்கு அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் படத்தோடு அட்டை இருக்கும். அரைநாளுக்கு 300, 400 திர்ஹம். விலை பேசும்போதே ‘கடைகள் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கம்பளக் கடையில் புதினா டீயோடு ஒன்றரை மணி நேரம் போகும். டீ இலவசம்தான். நான்காவது கம்பளத்தை விரிக்கும்போது எழுந்திருக்கக் கூச்சமாக இருக்கும், அதற்காகத்தான் அந்த டீ.

மறுநாள் முதல் தனியாகப் போகலாம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மேட்டில் பூ ஜலூத், பள்ளத்தில் ஆறும் ர்சீஃபும். பூ ஜலூத்திலிருந்து தலா கபீரா, தலா ஸ்கீரா என்ற இரண்டு பெரிய தெருக்கள் கீழே இறங்குகின்றன. வழி தவறினால் கூட்டம் போகும் பக்கமாகப் போய் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து, மேலே ஏறுங்கள். ‘தர்ப்’ என்று பெயர் தொடங்கும் சந்து பெரும்பாலும் முட்டுச்சந்து. போனிலுள்ள வரைபடம் சுவர்களுக்கிடையே தடுமாறும். இருந்தாலும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

‘அந்தப் பக்கம் அடைத்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் அது அநேகமாகப் பொய். நின்று பேசாமல், ‘லா, ஷுக்ரன்’ என்று சொல்லி நடங்கள். வேண்டாம், நன்றி என்று பொருள். விடாமல் தொடர்ந்தால் ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுங்கள். ‘பாலக்!’ என்று பின்னால் குரல் கேட்டால் மட்டும் யோசிக்காமல் சுவரோடு ஒட்டுங்கள். மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைக்கு பிரேக் கிடையாது. அவசரத்துக்குக் காவல்துறை எண் 19.

பூ இனானியா, அத்தாரீன் என்ற இரண்டு மதரஸாக்களுக்கும் நுழைவுக் கட்டணம் சிறிதளவே, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். திறந்த உடனே போங்கள். பத்தரைக்குக் குழுக்கள் வந்து நிறைந்துவிடும். கராவீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம்கள் மட்டுமே போகலாம். கதவு திறந்திருக்கும்போது வெளியே நின்று முற்றத்தைப் பார்க்கலாம், அதற்கு யாருக்கும் காசு தர வேண்டாம். ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைச் சுற்றியுள்ள கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினா தருவார்கள். இறங்கும்போது பத்து, இருபது திர்ஹம் கொடுத்தால் போதும், பை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தோல் தொழிலாளர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காவலர், ராணுவத்தினரை எடுக்கவே கூடாது.

வெள்ளிக்கிழமை பாதிக் கடைகள் மூடியிருக்கும். அன்றைக்கு மெக்னெஸ்ஸுக்கு ரயிலில் போய்வாருங்கள், முக்கால் மணி நேரம்தான். மாலை வெளிச்சம் பார்க்க மரீனிது என்ற பழைய அரச வம்சத்தின் கல்லறைக் குன்றுக்குப் போனால், வெயில் சாய்வதற்கு முன்பே போய் டாக்சியிலேயே திரும்புங்கள்.

8. புரட்டாசிச் சாப்பாடு

அம்மா புரட்டாசி முழுக்க அசைவம் தொட மாட்டார். மொராக்கோவில் பட்டினி கிடக்க நேருமோ என்று ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது.

காய்கறித் தஜீன் (மண்சட்டியில் வேகும் குழம்பு) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கறி போடாவிட்டாலும் இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். ஹரீரா சூப்பும் அப்படித்தான். ஆவியில் வேகவைத்த கோதுமை ரவையான கூஸ்கூஸின் மேல் ஏழு காய்கறி தெரிந்தாலும் அடியில் ஓர் ஆட்டுத்துண்டு இருக்கலாம். ‘ப்லா ல்ஹம், ப்லா ஜாஜ்’ என்று கேளுங்கள்: கறி வேண்டாம், கோழி வேண்டாம். ‘சாறும் வேண்டாம்’ என்பதை ரியாத் சமையல்காரரிடம் காலையிலேயே சொன்னால் இரவுக்குத் தனியாகச் செய்து தருகிறார்கள்.

கவலையில்லாமல் சாப்பிடக் கூடியது ‘பிஸாரா’. காய்ந்த ஃபாவா மொச்சையைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவிக் காலையில் சின்னக் கடைகளில் தருவார்கள். ஒரு கிண்ணமும் ரொட்டியும் பத்து திர்ஹத்துக்குள். அம்மா முதல் வாயிலேயே ‘இது நம்ம கடையல்தான்’ என்றார். ‘மஸமென்’ வீச்சு பரோட்டாவின் சதுர வடிவம். கத்தரிக்காயில் ‘ஸாலூக்’, குடைமிளகாயில் ‘தக்தூகா’. இந்தப் பருவத்தில் மாதுளையும் அத்திப்பழமும் புதுப் பேரீச்சையும் தெருவெல்லாம் குவிந்திருக்கும். புதினா டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘ப்லா சுக்கர்’ என்று ஊற்றும் முன்பே சொல்லுங்கள்.

9. கிளம்பும் முன்

திரும்பும் விமானம் காலையில் என்றால் முந்தைய நாளே காசாபிளாங்காவுக்கு வந்துவிடுங்கள். ஃபெஸ்ஸின் முதல் ரயிலை நம்பி இருக்காதீர்கள். விடியும் முன் கிளம்புவதானால், வாசலுக்குப் பெட்டி தூக்க ஆளையும் டாக்சியையும் முதல் நாள் மாலையே ரியாத்தில் சொல்லிவிடுங்கள். மிச்சத் திர்ஹத்தைப் பயணிகள் பகுதிக்குள் போவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் பல கடைகள் யூரோவில்தான் விலை சொல்கின்றன. எங்களிடம் மிஞ்சிய நூற்றுப்பத்துத் திர்ஹம் இன்னும் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிறது.